மேடத்துக்குச் சொன்ன உயரம்

"லேசா குத்தும்," என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, வண்டியிடம். முன்னால் ஒரு வேகத்தடை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தவள் அம்மா. ஊசியைக் கையில் எடுத்ததும் சொல்லிப் பழகிய வார்த்தை, இப்போது பள்ளம், மேடு, வேகத்தடை எல்லாவற்றுக்கும் தானாக வருகிறது. வண்டியும் பழகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கும்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதே ஆஸ்பத்திரி ரத்த தான முகாம்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்த பெரிய வேன் அது. அவர்கள் பழசு என்று கழித்துக்கட்டியபோது அம்மா வாங்கிவிட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. மாமாவிடம் கேட்கவில்லை. வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள் ஒரு லாரி நீளம்!

எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அதைவிட நல்ல செய்தி அந்த வருஷத்தில் வரவில்லை. உள்ளே வயரிங் முழுக்க நான். ரத்தம் கொடுப்பவர்கள் படுக்கும் இரண்டு கட்டில்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு அடுப்பு மேடை, குட்டி ஃப்ரிட்ஜ், தொட்டி. இன்னொன்றை அப்படியே விட்டு, அதற்கு மெத்தை, நீலப்பூ போட்ட திரை, தலைமாட்டில் ஒரு விளக்கு. எத்தனை தடவை கழுவினாலும் ஸ்பிரிட் வாசனை மட்டும் போகவில்லை. வெளியே பெயின்ட் அடித்தும் அந்தப் பெரிய சிவப்புச் சொட்டு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. சிக்னலில் நின்றால் யாராவது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, "இன்னைக்கு எங்கங்க முகாம்?" என்று கேட்பார்கள்.

கதவை உள்ளிருந்து பூட்டிப் பார்த்த அன்றைக்கு அம்மா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "நம்ம வீட்டுல உனக்கு ஒரு ரூம், உங்க அண்ணனுக்கு ஒரு ரூம், அப்பாவுக்குத் தூக்கம் கலையக் கூடாதுன்னு ஒரு ரூம். நான் ஹால்ல. டிவி ஆஃப் ஆனாத்தான் எனக்கு ராத்திரி. இப்ப பாருடி, எனக்கும் ஒரு ரூம். அதுவும் சக்கரத்தோட!"

அந்த ரூமைத்தான் மாமா கேட்டார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லா ரோடும் தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. அவருக்கு ஒரு பையன். மூன்று கடை திறந்து மூன்றையும் மூடியதால் அவனை வீட்டில் எல்லோரும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவோம். நான்காவதாக நடமாடும் வறுவல் கடை போடப்போவதாக முதலாளி சொன்ன அன்றிலிருந்து மாமாவின் கண் எங்கள் வண்டிமேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

"பாப்பா, நீ எங்க போகணும்னு சொல்லு, நான் காருல கூட்டிட்டுப் போறேன். உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி? பக்கத்துக் கடைக்குக்கூட வழி சொல்லத் தெரியாது உனக்கு."

அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னும் பாப்பாதான்.

"வழி சொல்ல மேடம் இருக்காங்க மாமா," என்றேன் நான்.

மேடம் என்றால் ஜிபிஎஸ். பெரிய வண்டிகளுக்கென்றே வருகிற கருவி அது. வண்டியின் உயரம், அகலம், எடை எல்லாம் கேட்டுக்கொண்டு அதற்குத் தோதான ரோட்டைத்தான் காட்டும். அதில் வருகிற பெண்குரலுக்கு அம்மா வைத்த பெயர் மேடம். "முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றால் அம்மா "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் இண்டிகேட்டரையே போடுவாள்.

"மிஷின நம்பிப் போனா நேரா குளத்துல எறக்கி விட்டுட்டு 'வந்து சேர்ந்தீர்கள்'னு சொல்லும்," என்றார் மாமா. முதலாளி சிரித்தான். அப்பாவும் சிரித்தார், வாயில் சோற்றோடு.

"சரி, ஒரு பந்தயம். அடுத்த வாரம் எல்லாரும் ஏரிக்கரைக்குப் போறோம்ல? நாங்க காருல. நீங்க ரெண்டு பேரும் வண்டியில. யார்கிட்டயும் உதவி கேக்கக் கூடாது. மிஷினை மட்டும் வச்சுக்கிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்து சேர்ந்துட்டா வண்டி உன்னோடது, நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா வண்டி பையனுக்கு. அவனாவது பொழச்சுக்கட்டும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சரி அண்ணா," என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அம்மா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கையில் கரண்டி இருக்கும்போது அவளிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வரும்.

அந்த வாரமே முதலாளி கையில் டிரில் மெஷினோடு வந்து நின்றான். பந்தயம் வேறு பாசம் வேறாம். "அத்தைக்கு என்னோட கிஃப்ட்! உள்ள சமைச்சா புகை அடிக்குமே, கூரையில ஒரு புகைபோக்கி வச்சுத் தரேன்." வைத்தான். மேலே நீலத் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, "பிரிச்சிடாதீங்க, தூசி போயிடும்," என்றான். கீழே நின்று பார்த்தால் உள்ளங்கை உயரத்துக்கு ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான்.

இப்போது பந்தய நாள். வேகத்தடை தாண்டியாகிவிட்டது.

என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். யார் வெளியூர் கிளம்பினாலும் குடும்ப குரூப்பில் லைவ் லொக்கேஷன் போட்டுவிட வேண்டும். போட்டால் போதும், மற்றவர்கள் அந்தப் புள்ளியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வர்ணனை கொடுப்பார்கள். "பெட்ரோல் பங்க்ல எதுக்கு இவ்வளவு நேரம்?" இது அத்தை, மாமாவின் மனைவி. "லெஃப்ட் எடுத்திருக்கணும். மிஷின் சுத்த விடுது." இது மாமா. முதலாளி ஒரு நத்தைப் படம் போட்டான். அப்பா அதற்குச் சிரிக்கும் பொம்மை போட்டார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நம்ம நத்தையாம்."

"நத்தைக்கும் சொந்த வீடு இருக்குல்ல? அவனுக்கு இருக்கா?"

ஒரு ரவுண்டானாவில் அம்மா திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். மேடம் ஒரு நொடி மூச்சு வாங்கிவிட்டு, "வழி மாற்றப்படுகிறது," என்றாள். அவ்வளவுதான். புது வழி வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "தப்பா போனா உங்கப்பா எப்படிக் கத்துவாரு? 'அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்'னு வீடு வர வரைக்கும். இந்தம்மா ஒரு வார்த்தை திட்டறாங்களா? ஏன் போனேன்னு கேக்கறாங்களா? இவங்கள நம்பாம வேற யாரடி நம்பச் சொல்றான் உங்க மாமா?"

ரவுண்டானாவில் விட்ட நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று மேடம் காட்டிய வழி ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் போனது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பி. அதிலிருந்து சங்கிலிகள் தொங்கின. 'உயரம் 3 மீட்டர்' என்று போர்டு. நாங்கள் மேடத்திடம் சொல்லியிருந்த உயரம் அதைவிடக் குறைவு. வண்டி வாங்கிய புதிதில் நானே டேப் பிடித்து அளந்து போட்டது. அம்மா தைரியமாக உள்ளே விட்டாள்.

டங்!

தலைக்கு மேல் சங்கிலி மோதிய சத்தம். அம்மா பிரேக்கை மிதித்த மிதியில் ஃப்ரிட்ஜ் திறந்து ஒரு பால் பாக்கெட் நடந்து வந்தது.

"என்னடி அளந்த?"

"சரியாத்தாம்மா அளந்தேன்! சத்தியமா!"

பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தார் டிரைவர். பிறகு தலையை வெளியே நீட்டி, "அக்கா, டயர்ல காத்த எறக்கி விடுங்க, போயிடலாம்!" என்றார். எங்கள் வண்டியின் சிவப்புச் சொட்டைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ரத்த வண்டியா? அவசரமா?"

"அவசரம்தாங்க," என்று கத்திக்கொண்டே பின்பக்க ஏணியில் ஏறினேன்.

கூரைமேல் நீலத் தார்ப்பாய். கயிற்றை அவிழ்த்துப் பிரித்தேன். புகைபோக்கி இருந்தது, ஒப்புக்கு. அதற்கு மேல், இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து, நட்டு போட்டு இறுக்கி, ஒரு பெரிய விளக்குப் பலகை. தூக்கி நிறுத்தினால் தெரு முனையிலிருந்தே தெரியும் அளவுக்கு. மஞ்சளில் சிவப்பெழுத்து: 'முதலாளி வறுவல். இப்போது உங்கள் தெருவில்!' கீழே அவனுடைய போன் நம்பர். சுற்றிலும் குட்டி குட்டி பல்புகள். வயரிங் வேறு மட்டமான வயரிங்.

"என்னடி இருக்கு மேல?"

"நீயே வந்து பாரும்மா."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பலகையைப் பார்த்தாள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'உங்கள் தெருவில்' என்பதை இரண்டு தடவை படித்தாள் போலிருந்தது. சிவப்பெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நரம்பு தேடுகிற அதே விரல்.

"அக்கா, மேல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்களா?" என்றார் லாரிக்காரர் கீழேயிருந்து.

"விளம்பரம் படிக்கிறேன் தம்பி. கொஞ்சம் பொறுங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "பந்தயம் எப்ப பேசினோம்?"

"ஞாயித்துக்கிழமை."

"இவன் இத மாட்டினது?"

"புதன்கிழமைம்மா."

"அப்ப நான் தோத்துட்டேன்னு புதன்கிழமையே முடிவாயிடுச்சு. எனக்குத்தான் யாரும் சொல்லல." அம்மா குனிந்து, கூரைக்குக் கீழே டிரைவர் சீட் இருந்த பக்கம் பார்த்தாள். "பாவம் மேடம். நாம சொன்ன உயரத்துக்கு அவங்க சரியாத்தான் வழி காட்டினாங்க. நம்ம தலைமேல மத்தவங்க ஏத்தி வச்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

போன் அடித்தது. மாமா. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன பாப்பா, புள்ளி நகரவே மாட்டேங்குது? மாட்டிக்கிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லு, ஆள் அனுப்பறேன்."

"புள்ளி இப்ப கூரைமேல நிக்குது அண்ணா."

"என்னது?"

"மேல ஏதோ குப்பை கெடக்கு. கழட்டிப் போட்டுட்டு வரோம்."

"பாப்பா, அது... பையன் ஆசையா... அத தொடாத," என்றார்.

அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, தானே அணைத்தாள். "ஸ்பானர் எடு," என்றாள்.

என் டூல் பாக்ஸ் எப்போதும் வண்டியில்தான் இருக்கும். நட்டு ஒவ்வொன்றும் இறுகியிருந்தது. அம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் என் முழு எடையையும் ஸ்பானரில் போட்டுத் தொங்கினேன். ஒரு நட்டு 'கிறீச்' என்று அசைந்ததும் அம்மா அதைப் பார்த்து, "லேசா வலிக்கும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து ஸ்பானர் நழுவிவிட்டது. பின்னால் இன்னும் வண்டிகள் சேர்ந்து ஹாரன் கச்சேரியே நடந்தது. லாரிக்காரர் தானாகவே இறங்கிப் போய், "ரத்த வண்டிப்பா, ரத்த வண்டி, கத்தாதீங்க!" என்று எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தார்.

பலகையை இறக்கி, உள்ளே அடுப்பு மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் சாய்த்து வைத்தோம். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி ஊர்ந்தது. சங்கிலிகளுக்குக் கீழே நுழையும்போது நான் மூச்சையே விடவில்லை. ஒன்றும் மோதவில்லை. பாலத்துக்கு அடியில் இருட்டு, ஈரம், பிறகு முகத்தில் பளீரென்று வெயில்.

"நேராகச் செல்லவும்," என்றாள் மேடம், ஒன்றுமே நடக்காத மாதிரி. வந்து சேரும் நேரத்தைப் பார்த்தேன். பொழுது சாய்வதற்கு நிறைய நேரம் இருந்தது.

"அம்மா! ஜெயிச்சுட்டோம்மா! டீ குடிச்சுட்டுப் போனாக்கூட முன்னாடியே போயிடலாம்!" சீட்டில் குதித்தேன். மாமாவின் முகத்தை இப்போதே பார்த்தாக வேண்டும் போல இருந்தது.

அம்மா கொஞ்ச தூரம் போய், ஓரமாக வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தாள்.

"அந்த லைவ் லொக்கேஷன் எங்க இருக்கு? ஆஃப் பண்ணு."

"ஏம்மா?"

"பண்ணுடி."

பண்ணினேன். குரூப்பில் எங்கள் புள்ளி மறைந்துபோனது.

"இப்ப போனா ஜெயிச்சுடுவோம். ஜெயிச்சா என்ன ஆகும்? 'சொன்ன சொல்லக் காப்பாத்தினேன், பாப்பாவுக்கு வண்டிய விட்டுக் குடுத்துட்டேன்'னு உங்க மாமா ஊரெல்லாம் சொல்லுவாரு. என் வண்டிய எனக்கு விட்டுக் குடுக்க இவரு யாரு? என் ரூமுக்கு நான் எதுக்குடி பரீட்சை எழுதணும்?"

"அதுக்காக தோக்கறதா?"

"தோக்கறதுக்கு நான் விளையாடவே இல்லையே. அன்னைக்குக் கையில கரண்டி இருந்துச்சு, சரின்னு வந்துடுச்சு. இப்ப கையில ஸ்டியரிங் இருக்கு." மேடத்தின் திரையை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். "வேற இடம் போடறது எப்படி? சொல்லு. நீ போடாத. நான் போடறேன்."

அதுவரை எங்கே போவது என்பதை அதில் போட்டது எப்போதும் நான்தான். அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ரத்தம் எடுத்த குப்பியில் பெயர் எழுதுகிற அதே நிதானத்தோடு வரைபடத்தை நகர்த்தினாள். பக்கத்தில் ஒரு மேட்டின்மேல் வண்டி நிறுத்தும் இடம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டாள்.

"வழி மாற்றப்படுகிறது," என்றாள் மேடம். ஏன் என்று கேட்கவில்லை.

மேட்டில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. அம்மா டீ போட்டாள். பால் பாக்கெட் நசுங்கியிருந்தாலும் பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் படியில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே ரோடு, வயர் கம்பங்கள், ஏதோ ஒரு தொழிற்சாலையின் நீளமான கூரை, தூரத்தில் தகடு மாதிரி ஏரி. சூரியன் அதற்குப் பின்னால் சாவகாசமாக இறங்கியது. அத்தனை வருஷமும் அந்த நேரத்தில் அம்மா ஒன்று லேபில் இருப்பாள், இல்லை அடுப்படியில் இருப்பாள்.

"இது தினமும் நடக்குதா?" என்றாள்.

"தினமும்தாம்மா."

"நல்லா இருக்கே!"

கடைசித் துணுக்கும் மறைந்த பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஏரிக்கரையில் எல்லோரும் கார்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் விளக்கு வெளிச்சம் பட்டதும் மாமா முன்னால் வந்தார். கை ஏற்கெனவே நீண்டிருந்தது. பின்னால் முதலாளி. அவன் கூரையைத்தான் முதலில் பார்த்தான்.

"பாப்பா, புள்ளிய ஏன் அணைச்ச? நாங்க எவ்வளவு பயந்துட்டோம் தெரியுமா? சரி, விடு. பொழுது சாஞ்சு போச்சு."

"தெரியும் அண்ணா. உக்காந்து பாத்துட்டுத்தான் வரோம்."

"என்னது?"

"நல்லா இருந்துச்சு. நீங்க பாத்தீங்களா? இல்ல போனையே பாத்துட்டு இருந்தீங்களா?"

மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. "விளையாடாத பாப்பா. எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்த. சாவியக் குடு."

"குடுத்தேன். இப்ப எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன்."

"வாக்க எப்படித் திருப்பி எடுப்ப?"

"இப்படித்தான்." அம்மா சாவியை முந்தானையில் முடிந்தாள். பிறகு என்னிடம் கண்ணைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பலகையை உள்ளேயிருந்து தூக்கி வந்து முதலாளியின் காலடியில் இறக்கினோம். பல்பில் ஒன்றுகூட உடையவில்லை.

"உன் சாமான மறந்து என் கூரைமேல வச்சுட்டுப் போயிட்டடா கண்ணா," என்றாள் அம்மா. "இடிச்சு உடையறதுக்குள்ள பத்திரமா எடுத்துட்டு வந்துட்டேன். கடை போடு. நல்லாப் போடு. முதல் வறுவல் நானே வாங்கறேன். வேற வண்டியில போடு."

முதலாளி பலகையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "வயரிங் மோசம், மாத்திடு. ஷாக் அடிக்கும்," என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"இப்படியே தனியா மிஷின நம்பிக்கிட்டு ஊர் ஊரா சுத்தப் போறியா?" மாமா கையை இறக்கினார். "வழி தப்பிட்டா?"

"தப்பினா மாத்திக்கறேன் அண்ணா. பழகிட்டேன்."

அத்தைதான் முதலில் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு, மாமாவுக்குத் தெரியாமல். அம்மா படியேறி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நீலப்பூத் திரைக்குப் பின்னால் தலைமாட்டு விளக்கு எரிந்தது.

நத்தைக்குச் சிரிப்புப் பொம்மை போட்ட அப்பா, பாண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சிவப்புச் சொட்டுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு கதவுக்கு வந்து, வழக்கம்போல் கைப்பிடியைத் திருகினார். திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார்.

"யாரு?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.